முட்டியை மாற்றலாமா? முடிவு யார் கையில்?

"ரெண்டு முட்டியும் நல்லா தேஞ்சிருக்கும்மா. மாத்திடலாம்."

எலும்பு மருத்துவரின் அறையில் இந்த வார்த்தை வந்து விழுந்த மறுநொடியே, பேச்சு அம்மாவை விட்டு நழுவிப் பிள்ளைகள் பக்கம் போய்விடுகிறது. டல்லாஸில் இருக்கும் மகனுக்கு எப்போது லீவு கிடைக்கும்? மருமகளின் கம்பெனி இன்ஷூரன்ஸில் மாமியாருக்கும் கவர் உண்டா? இரண்டையும் ஒரே தடவையில் முடித்துவிடலாமா? ரோபோவா, சாதாரணமா? சாயங்காலத்துக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எக்ஸ்ரே சுற்றிவிடுகிறது. ஆபரேஷன் முடிந்த சில மாதத்திலேயே பழனிக்குப் போய்வந்த அடுத்த தெரு மாமியின் கதை ஒரு பக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு கட்டிலை விட்டு எழவே இல்லாத சம்பந்தி வீட்டுத் தாத்தாவின் கதை இன்னொரு பக்கம். முழங்காலுக்குச் சொந்தக்காரர் மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யார் பேசுகிறார்களோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நல்ல சிகிச்சைதான். சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் செய்தால், வீட்டுக்குள் முடங்கியவரைத் தெருவுக்குக் கொண்டுவந்து விடும். ஆனால், நம் வீடுகளில் அந்த முடிவு பெரும்பாலும் தவறான கேள்வியிலிருந்து தொடங்குகிறது. "முட்டி எவ்வளவு தேய்ந்திருக்கிறது?" என்று டாக்டரிடம் கேட்கிறோம். "அந்த முட்டியால் உங்களால் எதெல்லாம் செய்ய முடியாமல் போயிருக்கிறது?" என்று அம்மாவிடம் கேட்பதில்லை. அதனால்தான் சிலருக்கு அவசியமே இல்லாதபோது ஆபரேஷன் நடந்துவிடுகிறது. அவசியமானவர்களோ கால் வளைந்து, தசை வற்றி, பத்து வருடம் கழித்து வருகிறார்கள்.

எக்ஸ்ரே நடப்பதில்லை

தொடை எலும்பும் கெண்டைக்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் வழுவழுப்பான ஒரு மேல்பூச்சு உண்டு. குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் இல்லாததால் தேய்ந்தால் மறுபடி வளர்வதில்லை. நரம்பு இல்லாததால் அது தேய்வது ஆரம்பத்தில் நமக்குத் தெரிவதும் இல்லை. வலி வருவது அடியில் இருக்கும் எலும்பிலிருந்தும், மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு வீங்குவதிலிருந்தும்தான். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்தத் தேய்மானம் ஆண்களைவிட அதிகம். நம் ஊரில் பெரும்பாலும் முட்டியின் உள்பக்கம் முதலில் தேய்கிறது. அதனால்தான் வயதான பல பெண்களின் கால்கள் வெளிப்பக்கமாக வில்லாக வளைந்து, நடக்கும்போது உடம்பு இடமும் வலமும் ஆடுகிறது.

டாக்டர் "கிரேடு 4" என்று எழுதுகிறாரே, அந்தக் கணக்கை 1957-ல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் வகுத்தார்கள். பூஜ்யத்தில் தொடங்கி நான்கு வரை. நான்கு என்றால் எலும்போடு எலும்பு உரசுகிறது என்று பொருள். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால், அந்தக் கணக்கு படத்துக்குப் போட்ட மதிப்பெண், வலிக்குப் போட்டதல்ல. கிரேடு 4 படத்தை வைத்துக்கொண்டு தினமும் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். கிரேடு 2-லேயே மாடிப்படி ஏற முடியாமல் அழுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த முரண் எலும்பு மருத்துவர்கள் அனைவருக்கும் தெரிந்ததுதான். எக்ஸ்ரே எடுக்கும்போது நின்றபடி எடுத்தார்களா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். படுக்கவைத்து எடுத்தால் உடம்பின் எடை மூட்டில் இறங்காது. இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது சரியாகத் தெரியாது.

எம்.ஆர்.ஐ. விஷயம் இதைவிடக் குழப்பமானது. ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்கேன் எடுத்தால் "ஜவ்வு கிழிந்திருக்கிறது" என்று வருவது சர்வ சாதாரணம். வலியே இல்லாதவர்களுக்கும் அப்படித்தான் வரும். அந்த ஒரு வரியைக் காட்டி, "ஓட்டை போட்டு கேமரா விட்டு கிளீன் பண்ணிடலாம்" என்று சொல்லும் வழக்கம் இன்னும் முழுக்க ஒழியவில்லை. அமெரிக்காவில் ஹூஸ்டனில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரில் சிலருக்கு உண்மையாகவே கேமரா விட்டுக் கழுவிச் சுரண்டினார்கள். மற்றவர்களுக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. இரண்டு வருடம் கவனித்தார்கள். வலியில் வித்தியாசமே இல்லை! 2002-ல் முடிவு வெளியானது. தேய்மான வலிக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று உலகின் முக்கியமான வழிகாட்டுதல்கள் அதன் பிறகு சொல்லிவிட்டன. நம் ஊரில் யாராவது உங்களுக்கு அதைப் பரிந்துரைத்தால், "முட்டி திடீரென்று பூட்டிக்கொள்கிறதா?" போன்ற தனிக்காரணம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று. முட்டியில் வலித்தால் கோளாறு முட்டியில்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. இடுப்பு மூட்டு கெட்டுப்போனால் வலி முட்டியில் தெரியலாம். முதுகுத் தண்டில் நரம்பு அழுந்தினாலும் காலில் இறங்கும். முடக்குவாதம், யூரிக் அமிலம், சிக்குன்குனியா விட்டுப்போன மூட்டு வலி என்று வேறு கணக்குகளும் உண்டு. இடுப்பை அசைத்துப் பார்க்காமல், நடக்கச் சொல்லிப் பார்க்காமல், படத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஆபரேஷன் தேதி குறிக்கும் டாக்டரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

கல் உப்புப் பாக்கெட்

திருச்சி உறையூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு முட்டி வலி வந்தபோது, எல்லாரும் செய்வதை அவரும் செய்தார். முடக்கத்தான் தோசை, தைலம், மெடிக்கல் ஷாப்பில் "அந்தப் பச்சை அட்டை மாத்திரை குடுப்பா" என்று கேட்டு வாங்கிய வலி மாத்திரை, முட்டியில் மாட்டிக்கொள்ளும் நீ கேப். தோசையால் கெடுதல் இல்லை. மாத்திரைதான் கவலை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை வயதானவர்கள் மாதக்கணக்கில் தாங்களாகவே விழுங்கினால் வயிற்றில் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு என்று வரிசையாக வரும். ஏற்கெனவே சர்க்கரையும் பி.பி.யும் இருப்பவருக்கு இது இன்னும் ஆபத்து. அதே மருந்தைத் தோலில் தடவும் ஜெல்லாகப் பயன்படுத்தினால் உடம்புக்குள் போவது மிகக் குறைவு, அதிலிருந்து தொடங்கலாம்.

பெரியம்மாவுக்கு உண்மையில் உதவியது ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். கணுக்காலில் எடை கட்டிக்கொண்டு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை அப்படியே நிறுத்திவிட்டு, மெல்ல இறக்க வேண்டும். எடைக்கு என்று கடையில் விற்பதை வாங்கச் சொன்னார் அந்தப் பெண். பெரியம்மா ஒரு கிலோ கல் உப்புப் பாக்கெட்டைப் பழைய புடவைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டார். "ஒண்ணும் வீணாகாது பாரு, பயிற்சி முடிஞ்சா ஊறுகாய்க்கு ஆகும்" என்றார். டி.வி. சீரியல் ஓடும்போது விளம்பர இடைவேளை வந்தால் கால் நீளும்.

தொடையின் முன்பக்கத் தசைதான் முட்டியின் பாதுகாவல். அது வலுவாக இருந்தால் ஒவ்வொரு அடியிலும் விழும் அதிர்வில் கணிசமான பங்கை அது வாங்கிக்கொள்ளும். வலிக்கிறது என்று நடையைக் குறைத்தால் முதலில் வற்றுவதும் அதுதான். "நடங்க, நடங்க" என்று எல்லாரும் சொல்கிறார்கள். மெரினாவில் தினமும் நடப்பது இதயத்துக்கு நல்லது. தொடைத் தசைக்கு மட்டும் அது போதாது. அதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். "நாலு நாள் பண்ணினேன், ஒண்ணும் தெரியலை" என்று விட்டவர்கள்தான் நம்மில் அதிகம்.

எடையைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மீது விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2005-ல் அளந்து சொன்னது. ஐந்து கிலோ குறைத்தவருக்கு, அடிக்கு இருபது கிலோ மிச்சம். வீட்டுக்குள் மட்டுமே நடமாடுகிறவர்கூட ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் அடி வைக்கிறார். கைத்தடிக்கும் நம்மவர்கள் மிகவும் கூச்சப்படுகிறார்கள். பிடித்தாலும் வலிக்கிற காலின் பக்கமே பிடிக்கிறார்கள். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் சுமை குறையும்.

ஊசிகள்? ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். பேத்தி கல்யாணம் நெருங்குகிறது என்றால் பிரயோஜனம் உண்டு. அதைப் போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்று செய்துகொள்ளக் கூடாது. கிருமித் தொற்று ஆபத்து கூடும். ஜெல் ஊசி, உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடும் பி.ஆர்.பி. ஊசி, ஸ்டெம் செல் என்று விளம்பரங்களில் வருபவை எல்லாம் விலையில் உயர்ந்தவை; தேய்ந்த குருத்தெலும்பை வளர்த்துத் தருகின்றன என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

டென்மார்க்கில் நூறு பேரை இரண்டு பிரிவாக்கி நடத்திய ஒரு சோதனை 2015-ல் வெளியானது. எல்லாருமே மூட்டு மாற்றுக்குத் தகுதியானவர்கள். ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சையோடு 12 வாரப் பயிற்சி, எடைக் குறைப்பு ஆலோசனை, மருந்து எல்லாம். இன்னொரு பிரிவுக்கு அறுவை சிகிச்சை மட்டும் இல்லை, மற்றதெல்லாம் உண்டு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. 100-க்கு 85 பேர் சொல்லும்படியான முன்னேற்றம் கண்டிருந்தார்கள். ஆனால், அறுவை சிகிச்சை ஒதுக்கப்படாத பிரிவிலும் 100-க்கு 68 பேர் அந்த அளவு முன்னேற்றத்தைத் தொட்டிருந்தார்கள். அந்தப் பிரிவில் கால்வாசிப் பேர்தான் ஒரு வருடத்துக்குள் "போதும், எனக்கும் ஆபரேஷன் செய்யுங்கள்" என்று மாறினார்கள். கடுமையான பக்கவிளைவுகள் அறுவை சிகிச்சைப் பிரிவில்தான் அதிகம். இதை நான் இப்படிப் படிக்கிறேன்: ஆபரேஷனின் பலன் பெரிது. ஆனால், ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்க்காமல் அந்த மேஜையில் ஏறுகிறவர்களில் பலருக்கு அது அப்போதைக்குத் தேவைப்பட்டிருக்காது.

அப்படியானால் எப்போது?

பெரியம்மாவுக்கு அந்தப் பயிற்சியால் சில வருடங்கள் நன்றாக ஓடின. பிறகு வலது முட்டி மட்டும் மோசமானது. ராத்திரி வலி எழுப்ப ஆரம்பித்தது. காந்தி மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தினார். அப்புறம் தெருமுனைக் கடைக்குப் போவதையும். கல்யாணங்களுக்கு "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லத் தொடங்கினார். ஒரு நாள் கேட்டேன்: "ஆபரேஷன் பண்ணிக்கிட்டா என்ன செய்யணும்னு ஆசை பெரியம்மா?" யோசிக்காமல் சொன்னார்: "மலைக்கோட்டை ஏற வேண்டாம்டா. மார்க்கெட்டுக்கு நானே போய் நானே கத்திரிக்காய் பொறுக்கணும். உங்க பெரியப்பா வாங்கிட்டு வர்றதெல்லாம் பூச்சி."

முடிவெடுக்க இப்படி ஒரு பதில்தான் வேண்டும். மாதக்கணக்கில் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மருந்து எடுத்தும் வலி அடங்கவில்லை, தூக்கம் கெடுகிறது, ஒரு காலத்தில் விருப்பமாகச் செய்தவற்றை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வருகிறார், படமும் கடைசிக் கட்டத் தேய்மானத்தைக் காட்டுகிறது. இவை சேர்ந்து நின்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதில் லாபம் ஒன்றும் இல்லை. தள்ளிப்போடுவதிலும் நஷ்டம் உண்டு என்பதை நம்மவர்கள் யோசிப்பதில்லை. முட்டி நேராக நீளாமல் மடங்கியபடியே இறுகிப்போகும். தொடைத் தசை வற்றும். நடை குறைந்தால் சர்க்கரை ஏறும், மனசும் சுருங்கும். அந்த நிலையில் செய்யும் ஆபரேஷன் கடினம். தேறுவது அதைவிடக் கடினம். தாங்கவே முடியாதபோது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள், நடந்து போகும் நிலையில் மேஜை ஏறியவர்கள் அளவுக்குத் தேறுவதில்லை.

எழுபத்தைந்து வயதுக்கு மேல் எதற்கு?

வீட்டில் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். பெரும்பாலும் நோயாளியே கேட்பார்: "இனிமே எனக்கு எதுக்குப்பா இந்தச் செலவு?"

வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது, 2000 அக்டோபரில், மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் அவருடைய இடது முழங்கால் மூட்டு மாற்றப்பட்டது. அப்போது அவருக்கு 75 வயது. நியூயார்க்கில் பணியாற்றிய சித்தரஞ்சன் ரணாவத் வந்து அறுவை சிகிச்சை செய்தார். வலது முழங்காலுக்கு 2001 ஜூனில்தான் செய்தார்கள். இடையில் எட்டு மாதம். நாட்டின் பிரதமருக்கே இரண்டையும் ஒன்றாகச் செய்யவில்லை என்பதை, "ரெண்டையும் சேர்த்தே முடிச்சிடுங்க டாக்டர்" என்று அவசரப்படும் பிள்ளைகள் கவனிக்கலாம். இதயம், நுரையீரல் நன்றாக இருப்பவர்களுக்கு இரண்டையும் ஒன்றாகச் செய்வது உண்டு. எழுபதைத் தாண்டி, இதய நோயும் இருந்தால் ஒவ்வொன்றாகச் செய்வதே விவேகம்.

சொல்லப்போனால், மூட்டின் ஆயுளைப் பொறுத்தவரை வயது ஆவது சாதகம்தான். 2019-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, முழு மூட்டு மாற்றுகளில் 100-க்கு 82, 25 வருடம் நிலைத்தன என்றது. அதே இதழில் 2017-ல் வந்த இன்னொரு கணக்குப்படி, எழுபது வயதுக்கு மேல் மூட்டு மாற்றியவர்களில் வாழ்நாளில் மறுபடியும் ஆபரேஷன் தேவைப்படுவது 100-க்கு ஐந்து பேருக்குத்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொண்ட ஆண்களில் அது 35. ஐம்பத்திரண்டு வயதில் அவசரப்படுகிறவர்தான் தயங்க வேண்டியவர்.

முதுமையின் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மயக்க மருந்தையும் ரத்த இழப்பையும் உடம்பு தாங்குமா? ஆபரேஷன் முடிந்த சில நாட்களுக்குச் சிலருக்குப் புத்தி குழம்பும். ராத்திரியில் "என்னை எங்கே கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்பார்கள். ஏற்கெனவே மறதி தொடங்கியவர்களுக்கு இதற்கு வாய்ப்பு அதிகம். குடும்பத்தார் முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் பயப்பட மாட்டார்கள். ரத்தம் உறைவது, இதயப் பிரச்சினை ஆகியவையும் உண்டு. எல்லாவற்றையும்விட எலும்பு மருத்துவர்கள் பயப்படுவது கிருமித் தொற்றுக்கு. நூற்றில் ஒருவர் இருவருக்குத்தான் வரும். வந்துவிட்டால் போட்ட மூட்டைக் கழற்றி, மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, மறுபடி போட வேண்டியிருக்கும். அதனால்தான் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் நல்ல டாக்டர் கத்தியை எடுக்க மாட்டார். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, குதிகால் வெடிப்பில் சீழ், கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் எல்லாவற்றையும் முதலில் சரிசெய்யச் சொல்வார். வலிக்குப் பற்றுப் போட்டு முட்டித் தோல் வெந்துபோயிருந்தாலும் ஆபரேஷன் தள்ளிப்போகும். சிகரெட், பீடி இருந்தால் நிறுத்தத்தான் வேண்டும்.

புது முட்டியால் ஆகாதது

"மூட்டையே வெட்டி எடுத்துடுவாங்களாமே?" என்று பயப்படுகிறவர்கள் நிறைய. அப்படியில்லை, சொத்தைப் பல்லைச் சீவி கேப் போடுவது போன்றதுதான். தொடை எலும்பின் நுனியிலும் கால் எலும்பின் தலையிலும் தேய்ந்த பகுதியைச் சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுத்துவிட்டு, கோபால்ட் குரோமியம் உலோகத்தால் ஆன உறையை எலும்புச் சிமென்ட் வைத்து ஒட்டுகிறார்கள். நடுவில் உறுதியான பாலிஎத்திலீன் தகடு. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதே வழக்கம். ஒன்றரை மணி நேர வேலை. அன்றே அல்லது மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைத்துவிடுவார்கள். (1890-லேயே பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்ற மருத்துவர் யானைத் தந்தத்தில் முழங்கால் மூட்டு செய்து பொருத்தினார். கிருமித் தொற்றால் அந்த முயற்சி நிலைக்கவில்லை. இன்றைய வடிவத்துக்கு வந்து சேர 1970-கள் வரை ஆனது.)

வலி போகும், கால் நேராகும், நடை நீளும். ஆனால், புது முட்டி பழைய முட்டி அளவுக்கு மடங்காது. பெரும்பாலோருக்கு 110 முதல் 120 டிகிரி வரை வரும். நாற்காலியில் உட்கார, படியேற, பஸ்ஸில் ஏற அது தாராளம். சம்மணம் போட, குத்தவைத்து உட்கார, மண்டியிட்டு வணங்க அது போதாது. மடங்கினாலும் அப்படி உட்கார வேண்டாம் என்றே டாக்டர்கள் சொல்வார்கள். நம் வாழ்க்கையில் இது சின்ன விஷயமா? வாசலில் உட்கார்ந்து கோலம் போடுவது, அரிவாள்மனையில் தேங்காய் துருவுவது, பூஜையில் மனையில் உட்காருவது, தொழுகை, கிராமத்து வீட்டுக் கழிப்பறை எல்லாம் இதில் வரும். ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்கு முன்பு வீட்டில் மேற்கத்திய கழிப்பறை இருக்கிறதா, அதன் பக்கத்துச் சுவரில் கைப்பிடி இருக்கிறதா, கட்டில் உயரமாக இருக்கிறதா, படுக்கையறை கீழ்த்தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த ஊர் வீட்டிலும் பாருங்கள். பொங்கலுக்கு அங்கேதானே போவார்?

தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்குத் தோல் மரத்துப்போயிருக்கும். தோலுக்குப் போகும் சிறு நரம்பு வெட்டுப்படுவதால் வருவது. நாளாக ஆகக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும். முட்டி சில மாதங்களுக்குச் சூடாகவும் வீங்கியும் இருக்கும். நடக்கும்போது 'டக்' என்று சத்தம் வரலாம். இவை எல்லாம் இயல்பு. இவற்றை முன்கூட்டியே யாரும் சொல்லாததால், "ஏதோ தப்பாப் பண்ணிட்டாங்க" என்று நினைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விளம்பரத்தில் வராத இன்னொரு எண்: மூட்டு மாற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் திருப்தியாக இல்லை. ஏதோ ஒரு வலி மிஞ்சிவிடுகிறது, அல்லது எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. ஐந்தில் நான்கு பேர் மகிழ்ச்சியாக இருப்பது பெரிய விஷயம். அந்த ஐந்தாமவர் நாமாக இருக்கக்கூடும் என்பதையும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

லீவு முடிந்த பிறகு

பெரியம்மா 73 வயதில் வலது முட்டியை மட்டும் மாற்றிக்கொண்டார். முதல் வாரங்களின் வலியை அவர் மறக்கவில்லை. கட்டிலில் காலை நீட்டியபடி குதிகாலை மெத்தையில் இழுத்து இழுத்துப் பின்னால் கொண்டுவர வேண்டும். பிசியோ பெண் கோணமானியை முட்டியில் வைத்து, "எண்பத்தஞ்சு வந்தாச்சு பாட்டி, இன்னும் ஒரு தடவை" என்பார். பாட்டி முந்தானையைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, இன்னும் ஒரு தடவை இழுப்பார். "பிரசவ வலி தேவலைடி" என்று திட்டும் விழும். அந்தப் பெண் அதற்கெல்லாம் அசரவில்லை.

ஆபரேஷனின் பலன் பாதி இந்த ஆறு வாரத்தில்தான் தீர்மானமாகிறது. முட்டி மடங்குவதற்கும் முழுதாக நீளுவதற்கும் இந்தக் காலம்தான். விட்டுவிட்டால் உள்ளே தழும்பு இறுகிவிடும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். வெளிநாட்டிலிருந்து இரண்டு வார லீவில் வரும் பிள்ளைகள் ஆபரேஷனுக்கு இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கஷ்டமான காலம் அவர்கள் விமானம் ஏறிய பிறகுதான் தொடங்குகிறது. லீவைப் பிரித்துக்கொள்ள முடிந்தால், இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை யாராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நம்மில் பலர் கேட்பதே இல்லை.

பில்லில் பார்க்க வேண்டியது

2017 ஆகஸ்ட் வரை, ஒரே மூட்டு ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒவ்வொரு விலை. சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அந்த மாதம் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 54,720 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. டைட்டானியம், ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் வகைக்கு 76,600. வரி தனி. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இந்தக் கட்டுப்பாடு நீட்டிக்கப்பட்டது. மூட்டின் விலை குறைந்தபோது சில இடங்களில் அறை வாடகையும் தியேட்டர் கட்டணமும் ஏறியதுதான் நம் ஊர் சாமர்த்தியம். ஆகவே, 'பேக்கேஜ்' எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். மூட்டின் கம்பெனி, வகை, விலை பில்லில் தனியாக வர வேண்டும். மூட்டுப் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரின் நகலை உங்கள் ஃபைலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடம் கழித்து மறு ஆபரேஷன் தேவைப்பட்டால் அந்த டாக்டருக்கு அது தேவைப்படும்.

ரோபோவுக்கு என்று தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். ரோபோ தானாக ஆபரேஷன் செய்வதில்லை. டாக்டரின் கையில் இருக்கும் அளவுக் கருவி அது. எலும்பைத் திட்டமிட்ட கோணத்தில் துல்லியமாகச் சீவ உதவும். பல வருடம் கழித்து நோயாளிக்கு வலி குறைவாக இருக்கிறதா, மூட்டு நீண்ட நாள் உழைக்கிறதா என்பதில் அதன் மேன்மை இன்னும் நிரூபிக்கப்படவில்லை. கடன் வாங்கி அதைக் கேட்க வேண்டியதில்லை. அனுபவமுள்ள கைதான் முக்கியம். "வருஷத்துக்கு எத்தனை முட்டி பண்ணுவீங்க டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் அதன் கீழ் மூட்டு மாற்று நடக்கிறது. 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் விரிவாக்கியது. நீங்கள் போகும் மருத்துவமனையில் அது செல்லுமா என்பதைக் காப்பீட்டு கவுன்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தனியார் பாலிசி எடுத்தவர்கள் காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள். தேய்மானத்துக்கான மூட்டு மாற்றுக்கு இரண்டு, மூன்று வருடம் கழித்தே பணம் தரும் பாலிசிகள்தான் அதிகம். வலி வந்த பிறகு பாலிசி எடுத்தால் உடனே உதவாது.

கடைசியாக ஒன்று. மண்டபங்களில் 'இலவச மூட்டு வலி முகாம்' நடத்தி, எக்ஸ்ரே எடுத்து, "இந்த மாதம் அட்மிட் ஆனால் சலுகை" என்று சொல்லும் இடங்கள் பெருகியிருக்கின்றன. எலும்பு முறிவோ கிருமித் தொற்றோ இல்லாத தேய்மான முட்டிக்கு இன்றே முடிவெடுக்க வேண்டிய அவசரம் எதுவும் கிடையாது. ஃபைலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அடுத்த வாரம் அந்த மருத்துவமனையோடு சம்பந்தமில்லாத இன்னொரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே போகும்போது, டாக்டருக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து, அவரையே பேச விடுங்கள்.